சர்வரின் ஓவர்டைம் யார் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 23 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். உங்கள் நாளிதழை மதியம் சாப்பாட்டு இடைவேளையில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவள். கிரிப்டோ என்ற சொல் அதில் வந்தாலே, இரட்டிப்பாகத் தருகிறேன் என்று ஆசை காட்டிப் பணத்தைச் சுருட்டியவனின் செய்தியாகத்தான் இருக்கிறது. ஈமு கோழிக்குப் பணம் கட்டிவிட்டுக் கையைப் பிசைந்த சனம் நாங்கள். எங்களுக்கு அந்தச் செய்தி வேண்டியதுதான். ஆனால் ஒரு ரூபாய் கூடப் போடாமல் எங்கள் ஆபீஸ் சுமார் மூன்று மாதம் கிரிப்டோவுக்கு உழைத்துக் கொடுத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். ஊசி நோட்டைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்ட வேண்டாம்.

எங்களுடையது பெரிய கம்பெனி இல்லை. அறுபது மெஷின், கட்டிங் டேபிள், அயர்ன், பேக்கிங், அவ்வளவுதான். சாம்பிள் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் சர்வர் கம்ப்யூட்டர் இருக்கிறது. நிட்டிங்குக்குப் போன நூல் எத்தனை கிலோ, சாயப்பட்டறையிலிருந்து திரும்பி வந்த துணி எத்தனை கிலோ, எந்த டி.சி. (டெலிவரி சலான்) நம்பரில் வந்தது, எந்த டெய்லர் எத்தனை பீஸ் தைத்தார், யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார் என்று எல்லாமே அதற்குள்தான். டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரும் அதிலேயே. ஆயுத பூஜைக்கு மற்ற மெஷின்களைப்போல அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை படைத்தோம். பூஜை முடிந்து பத்துப் பதினைந்து நாளில் கெரகம் பிடித்துக்கொண்டது.

இரண்டு நிமிடத்தில் வரும் ரிப்போர்ட் இருபது நிமிடம் ஆனது. இ-வே பில் போட உட்கார்ந்தால் லாரிக்காரர் டீ குடித்துவிட்டு வந்து, இன்னொரு டீயும் குடித்துவிட்டு வருவார். கரண்டு போனால் 40 நிமிடம் தாங்கிக்கொண்டிருந்த யுபிஎஸ், இருபது நிமிடத்திலேயே கத்த ஆரம்பித்தது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமையை மறக்க முடியாது. எங்கள் ஊரில் வாரச் சம்பளம் என்பது உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஏழரை மணி. சம்பளச் சீட்டு பிரிண்ட் ஆகவில்லை. திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வாசலில் எண்பது பேர். குன்னத்தூர்ப் பக்கம் போகிற பெண்கள் பஸ்ஸை நினைத்துத் தவிக்கிறார்கள். கைமடி வேலைக்கு வரும் ஒரு பெரியம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏனுங் அம்மிணி, இன்னிக்குச் சம்பளம் உண்டுங்களா இல்லீங்களா, ஒண்ணு சொல்லிப் போடுங்க" என்றார். போன வாரத்துச் சீட்டைப் பார்த்து, ஆளுக்கு ஒரு தோராயமான தொகையைக் கையால் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மிச்சம் மீதி தீர்க்க அடுத்த வாரம் பாதி போனது.

சர்வருக்கு வயதாகிவிட்டது என்றார் சர்வீஸ் செய்யும் தம்பி. ராம் மாற்றினோம். எஸ்.எஸ்.டி. போட்டோம். அறை சூடாக இருக்கிறது என்று ஏசிக்கு கேஸ் ஏற்றினோம். அதற்கும் அடங்கவில்லை என்று ஃபார்மட் அடித்து, பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே திரும்ப ஏற்றினார். ஆறு நாள் குதிரை மாதிரி ஓடியது. ஏழாவது நாள் பழைய கதை.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. என்னிடம் உதவிக்கு இருந்த பையன், பிளஸ் டூ முடித்தவன், கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன். அவன்தான் கண்ட படத்தையெல்லாம் டவுன்லோட் பண்ணி வைரஸ் ஏற்றிவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. கிளப்பியது யார் என்று கேட்டால், நானும் ஒருத்தி. முதலாளி நாலு பேர் நடுவில் சத்தம் போட்டார். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் கணக்கை முடித்துக்கொண்டு பல்லடம் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

பொங்கல் நோம்பிக்கு ஐந்து நாள் லீவு விட்டோம். திருப்பூர் நோம்பிக்குக் காலியாகிற மாதிரி வேறு ஊர் காலியாகாது. மெஷின் சத்தமே இருக்காது. மாட்டுப் பொங்கலன்று ராத்திரி வாட்ச்மேன் தாத்தா எனக்குப் போன் செய்தார். "ஆபீசு ரூமுக்குள்ள யாரோ மிசினு ஓட்டறாங்க போலிருக்குதுங். பூட்டு அப்படியேதானுங் இருக்குது." சர்வரின் விசிறிச் சத்தம்தான் அது. பேக்கப் எடுப்பதற்காக அதை நாங்கள் அணைப்பதில்லை. ஆனால் யாரும் தொடாத ஒரு கம்ப்யூட்டர், ஊரே தூங்கும் நேரத்தில் வாசல் வரை கேட்கும்படி ஏன் இரைய வேண்டும்?

என் அக்கா மகன் கோவை சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். நோம்பிக்கு வந்திருந்தவனை மறுநாள் காலை கூட்டிக்கொண்டு போனேன். சர்வர் முன்னால் உட்கார்ந்து, எந்த வேலைக்கு எவ்வளவு சக்தி போகிறது என்று காட்டுமே அந்த டாஸ்க் மேனேஜர், அதைத் திறந்தான். ஐந்து சதவீதம்தான் காட்டியது. "சும்மாதான் சித்தி இருக்குது" என்றான். அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. அதைத் திறந்த உடனே விசிறிச் சத்தம் அடங்கிவிட்டது. சர்வீஸ் தம்பி வந்து பார்த்த நாட்களிலும் இப்படித்தான் அடங்கியிருக்கிறது. நான் கேட்டும் கேட்காமல் இருந்திருக்கிறேன். நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி கோளாறானால் பத்தடி தள்ளி நிற்கும் ஃபிட்டர் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். 23 வருடம் மெஷின் சத்தத்திலேயே குடியிருக்கும் எனக்கு அது பிடிபட மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

"அதை மூடு கண்ணு" என்றேன். மூடினான். ஒரு நிமிடம் ஆகவில்லை, விசிறி எகிறியது. திறந்தான். அடங்கியது. நாலு தடவை செய்து பார்த்தோம். அவன் சிரித்துவிட்டான். "சித்தி, இது சூப்பர்வைசர் தலை தெரிஞ்சா வேலையை விட்டுட்டு சாது மாதிரி நிக்குது." இந்த வகைக் கள்ள நிரல்கள் பலவற்றுக்கும் இதுதான் பழக்கமாம்.

வேறு வழியாகத் தேடிப் பிடித்தான். விண்டோசில் எஸ்.வி.சி.ஹோஸ்ட் என்று ஒரு நிரல் எப்போதும் ஓடும். அது இருக்க வேண்டிய இடம் சிஸ்டம்32 என்ற ஃபோல்டர். அதே பெயரில் இன்னொன்று ஒரு தற்காலிக ஃபோல்டருக்குள் உட்கார்ந்துகொண்டு மொத்த பிராசசரையும் தின்றுகொண்டிருந்தது. அதை நிறுத்தினால் சில நிமிடங்களில் மறுபடி கிளப்பிவிட ஒரு டைமர் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஃபோல்டரை மட்டும் சோதிக்காதே என்று ஆன்டி வைரசிடமே சொல்லியும் வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, எங்களில் யாரும் உருவாக்காத ஒரு புது அட்மின் யூசர். வீட்டுக்குள் புகுந்தவன் தனக்கென்று ஒரு சாவியும் செய்து வைத்துக்கொண்டான்.

என்னதான் செய்துகொண்டிருந்தது அது? அக்கா மகன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கிரிப்டோ நாணயம் என்பது உலகம் முழுக்கப் பலர் ஒரே சமயத்தில் வைத்திருக்கும் ஒரு பேரேடு. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போவார்கள். பிட்காயின் போன்ற நாணயங்களில் ஒவ்வொரு பக்கத்தையும் மூடி முத்திரை போட ஒரு போட்டி உண்டு. எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, விதிக்குப் பொருந்துகிற விடையை யாருடைய கம்ப்யூட்டர் முதலில் பிடிக்கிறதோ அவருக்குப் புது நாணயம் கூலி. புத்தி எதுவும் தேவையில்லை. வேகமும் கரண்டும்தான் மூலதனம். இதற்கு மைனிங் என்று பெயர். பிட்காயினுக்கு இதைச் செய்ய இன்று தனி மெஷின்கள் வந்துவிட்டன, எங்கள் ஆபீஸ் சர்வரெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் 2014-ல் வந்த மொனேரோ என்ற நாணயம் வேறு மாதிரி. சாதாரண கம்ப்யூட்டரும் போட்டியில் நிற்க வேண்டும் என்பதற்காகவே 2019 நவம்பரில் அதன் கணக்கு முறையை மாற்றி அமைத்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு பக்கம். யார் அனுப்பினார், யாருக்குப் போனது, எவ்வளவு என்பதும் வெளியே தெரியாது. நல்ல எண்ணத்தில் செய்ததாகவே இருக்கட்டும். திருடனுக்கு இதைவிட வசதி வேறென்ன?

எங்கள் சர்வரில் இருந்ததும் மொனேரோ மைனிங்தான். அதற்கான எக்ஸ்.எம்.ரிக் என்ற நிரல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியது. சொந்தக் கரண்டில் ஓட்டினால் குற்றமில்லை. ஊரான் வீட்டு நெய்யே பொண்டாட்டி கையே என்கிற கதைதான் குற்றம். அந்தக் கணக்குக்கு இரண்டு ஜிபி ராம் வேறு வேண்டும். என் சம்பளச் சீட்டு எங்கே பிரிண்ட் ஆகும்?

வந்த வழியைக் கேட்டபோதுதான் எனக்கு நாக்கு உலர்ந்தது. எங்கள் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்பவர் அவர் ஊரிலிருந்தே சரி செய்துகொடுக்கவும், முதலாளி வீட்டிலிருந்து ஸ்டாக் பார்க்கவும், சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டிருந்தோம். 3389 என்பது அந்தக் கதவின் எண். உலகத்தில் எந்த மூலையில் அந்தக் கதவு திறந்திருந்தாலும் தானாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. சர்வரே ஒரு வருகைப் பதிவேடு வைத்திருக்கிறது. அதைத் திறந்து காட்டினான். 4625 என்ற குறியோடு, தோற்றுப்போன ஒவ்வொரு முயற்சியும் ஒரு வரி. அட்மின், டெஸ்ட், யூசர் என்று மாற்றி மாற்றி நொடிக்கு நொடி தட்டியிருக்கிறார்கள். இழுக்க இழுக்கப் பக்கம் முடியவில்லை. பாஸ்வேர்டு என்னவென்றால் கம்பெனி பெயரும் 123-ம். அதை வைத்தவள் நான். ஃபார்மட் அடித்த பிறகும் மறக்காமல் அதையே திரும்ப வைத்தவளும் நான்தான்.

ஏமாந்தது எங்களைப்போன்ற பனியன் கம்பெனி மட்டும்தான் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2018-ல் டெஸ்லா கார் கம்பெனி பாஸ்வேர்டு போடாமல் விட்ட ஒரு நிர்வாகப் பக்கத்தின் வழியாக, அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த கிளவுட் சர்வர்களில் இதே வேலை நடந்திருக்கிறது. அதே வருடம் வெளியே தெரிந்த ஸ்மாமின்ரு என்ற திருட்டு மைனிங் வலையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் சிக்கியிருந்தன. அதிகம் மாட்டிய நாடுகள் ரஷ்யா, இந்தியா, தைவான். லினக்ஸ் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. 2021 டிசம்பரில், பல சாஃப்ட்வேர்களுக்குள் இருக்கும் லாக்4ஜே என்ற நிரல் துண்டில் ஒரு ஓட்டை தெரியவந்த சில நாட்களிலேயே அதன் வழியாக மைனிங் நிரல்களை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஏற்கெனவே இன்னொரு திருடனின் மைனிங் ஓடிக்கொண்டிருந்தால் அவனைத் துரத்திவிட்டுத்தான் இது உட்காருமாம். தொழில் போட்டி!

இனி என் வேலை, கணக்கு. சர்வர் கூடுதலாக 200 வாட் இழுத்தது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்கு 4.8 யூனிட். நூறு நாளுக்கு 480 யூனிட். ஏசிக்குத் தனி. எங்கள் ஒரு சர்வரால் அவனுக்கு ஒரு நாளைக்கு டீச் செலவு தேறியிருந்தால் அதிகம். நாங்கள் கட்டிய கரண்டு பில்லே அதற்கு மேல். ஆனால் அவனுக்குக் கரண்டு பில் கிடையாதே. ஆயிரம் ஆபீசில் ஒவ்வொரு டீ என்றால் அது ஒரு தொழில். நாங்கள் தேவையில்லாமல் வாங்கிய ராம், எஸ்.எஸ்.டி., கேஸ், ஃபார்மட் கூலி எல்லாம் தனிக் கணக்கு. அந்தச் சனிக்கிழமையை எந்தக் கணக்கில் எழுதுவது?

எனக்கு ராத்திரித் தூக்கம் போனது கரண்டுக்காக இல்லை. அந்த சர்வரில் எங்கள் ஆட்கள் அத்தனை பேரின் ஆதார் நம்பர், பேங்க் கணக்கு, பி.எஃப். விவரம் எல்லாம் இருக்கிறது. அட்மின் சாவி கையில் இருந்தவன் மைனிங்கோடு நின்றுகொண்டது அவன் இஷ்டம். ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவர்களும் இதே 3389 கதவைத்தான் தட்டுகிறார்கள்.

போலீசில் புகார் கொடுக்கலாம் என்றேன். "என்ன களவு போச்சுன்னு எழுதறது அம்மிணி?" என்று கேட்டார் முதலாளி. பதில் சொல்ல முடியவில்லை. பீரோவில் பணம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, சர்வரும் இருந்த இடத்தில் இருக்கிறது. தோட்டத்து மோட்டாரை ராத்திரி பக்கத்துக் காட்டுக்காரன் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டால் காலையில் கிணறாவது இறங்கியிருக்கும்; இங்கே அதுவும் தெரியாது. பிறகு தேடிப் படித்தேன். 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-வது பிரிவில், அனுமதியில்லாமல் நுழைவதும் கெட்ட நிரலைப் புகுத்துவதும் மட்டுமல்ல, தான் அனுபவித்ததற்கு அடுத்தவர் கணக்கில் செலவை ஏற்றுவதும் சொல்லப்பட்டிருக்கிறது. 66-வது பிரிவின்படி 3 வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். இப்படி நடந்தால் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவும் வந்திருக்கிறது. சைபர் மோசடிப் புகாருக்கு 1930 என்ற போன் எண்ணும் இருக்கிறது. முதலாளி கடைசி வரை புகார் கொடுக்கவில்லை. எங்களிடம் சரக்கு வாங்கும் பையருக்குத் தெரிந்தால் ஆர்டர் போய்விடும் என்கிற பயம். என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்பதும் அதனால்தான்.

இனி ஊசி நோட்டு. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, நோட்டில் செலோடேப் போட்டு ஒட்டி, மெஷின் நம்பர், நேரம், கையெழுத்து எல்லாம் வாங்கின பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டுப் பீசையெல்லாம் மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அந்தத் துண்டு ஏதோ ஒரு குழந்தையின் பனியனுக்குள் போயிருக்கலாம். எங்களுக்கு ஆடிட்டுக்கு வந்தவர்கள் முதலில் கேட்டது இந்த நோட்டைத்தான். தீயணைக்கும் சிலிண்டரைப் பார்த்தார்கள், அவசர வழியைத் திறந்து பார்த்தார்கள். சர்வர் அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு ஊசி உடைந்தால் இவ்வளவு தேடுகிற நாங்கள், சர்வர் படுத்தபோது எதையுமே தேடாமல் ராம் மாற்றினோம், டிஸ்க் மாற்றினோம், கடைசியில் ஒரு பையனை மாற்றினோம். தொழில் சங்கங்கள் வருடத்துக்கு எத்தனையோ கூட்டம் போடுகின்றன. அதில் ஒரு மணி நேரம் இந்த விஷயத்துக்கு ஒதுக்கி, சர்வர் மந்தமானால் புதுச் சாமான் வாங்கும் முன் உள்ளே எது ஓடுகிறது என்று தேடச் சொல்லிக் கொடுத்தால் என்ன?

நாங்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கள்ள நிரலை மட்டும் அழித்துவிட்டு விட முடியாது, வேறு எங்கே என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும் என்றான் அக்கா மகன். டிஸ்க்கை முழுக்கத் துடைத்து, விண்டோசைப் புதிதாக ஏற்றி, பேக்கப்பிலிருந்து கணக்கு விவரங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். ரவுட்டரில் அந்தக் கதவை மூடியாகிவிட்டது. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் விபிஎன் என்கிற பூட்டிய தனிப் பாதை வழியாக, போனுக்கு வரும் எண்ணையும் போட்டுத்தான் வர வேண்டும். முதலாளிக்கு அதில் இன்னும் சலிப்புதான். விண்டோஸ் அப்டேட்டை "அப்புறம்" என்று தள்ளிப்போடுகிற என் பழக்கமும் போயிற்று. ஊசி நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமைதோறும் யுபிஎஸ்சில் சர்வர் எத்தனை நிமிடம் நிற்கும் என்று காட்டுவதை அதில் எழுதுகிறேன். பேட்டரி மாற்றாமலே இப்போது 38.

போன மாதம் பல்லடம் போய் அந்தப் பையனைப் பார்த்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. "தப்பு எம்மேலதான் சாமி" என்று மட்டும் சொன்னேன். "உடுங்க்கா, இங்க மாசம் ஆயிரத்தைநூறு சேத்தித் தர்றாங்க" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை கூட வந்தவன் கேட்டான்: "அக்கா, அந்த விசிறிச் சத்தம்னு சொன்னீங்களே, எங்க சர்வரும் கொஞ்ச நாளா அப்படித்தான் இரையுது. அதை எப்படித் திறந்து மூடிப் பாத்தீங்க, இன்னொருக்காச் சொல்லுங்க."

இப்படிக்கு,
பனியன் கம்பெனிக் கணக்கர் ஒருத்தி,
திருப்பூர்.